அளந்து வைத்த சோறு

பாசிர் ரிஸ், சிங்கப்பூர்
12.1.2025

அன்புள்ள சுசீலா அண்ணிக்கு,

கண்மணி எழுதுகிறேன். காது ஆபரேஷனுக்குப் பிறகு வந்த தலைசுற்றல் நின்றதா? போனைக் காதில் வைத்தால் செவிக்கருவி கிறீச்சிடுகிறது என்று அழகர்சாமி அண்ணன் சொன்னார். மெசேஜ் என்றால் 'சரி', 'ஆச்சு' என்று இரண்டு வார்த்தையோடு முடிந்துவிடுகிறது. கடிதமாகவே எழுது என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. பள்ளிக்கூடம் முடித்த பிறகு இவ்வளவு தமிழ் எழுதுவது இப்போதுதான். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

உங்கள் தம்பிக்கு விமான நிலையச் சரக்குக் கிடங்கில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். இனி அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். திவ்யதர்ஷினிக்குப் பாலிடெக்னிக்கில் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. நான் சிராங்கூன் சாலை ஜவுளிக்கடையில் கல்லாவில் உட்கார்ந்து சம்பாதிப்பது எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் பயப்படவில்லை. எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ரஷீதா என்று ஒரு பெண், வீட்டுச் சமையலில் சிக்கனம் பிடிக்க ஒரு குழு நடத்துகிறார். மாதம் ஓர் இலக்கு. ஜனவரிக்கு, வெளிச்சாப்பாடு வாங்கக் கூடாது. நானும் சேர்ந்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்த சிக்கனச் சமையல் இருந்தால் எழுதுங்கள்.

மாமாவுக்கு மகளைப் பார்க்க ஆசை. பொங்கல் கழிந்து ஈப்போ வந்து பத்து நாள் இருக்கலாமா என்று கேட்டார். உங்களுக்கு எப்போது தோதுப்படும்?

அண்ணனுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்மணி


ஈப்போ
2.2.2025

கண்மணிக்கு,

அண்ணி எழுதுவது. தலைசுற்றல் குறைந்துவிட்டது. இடது காதில் மட்டும் எப்போதும் ரைஸ் மில் ஓடுகிறது. இந்த வீட்டில் நான் பேசுகிறேன், மற்றவர்கள் கையை ஆட்டுகிறார்கள். அவ்வளவுதான் வாழ்க்கை.

நீ குழுவில் சேர்ந்தது நல்ல காரியம். கீரை வாங்கினால் தண்டை எறியாதே. நார் உரித்து, பாசிப்பருப்போடு வேக வைத்து, சீரகம் தாளித்தால் அது ஒரு தனிக்கூட்டு. மீன் தலையைச் சீனர் கடைகளில் மலிவாகக் கொடுப்பார்கள், கேட்டு வாங்கு. இட்லி மாவு புளித்துப் போனால் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு ஊத்தப்பம். இதெல்லாம் உன் மாமியார் இருந்தபோது செய்ததுதான். அம்மா போன பிறகு அந்த வீட்டில் யார் செய்யப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அப்பா வருவது பற்றி: வீட்டுக்குச் சாயம் அடிக்க ஆள் சொல்லியிருக்கிறோம். அந்த நெடி அவருக்கு ஆகாது. அப்புறம் பார்க்கலாம். அவரிடம் பக்குவமாகச் சொல்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

சுசீலா


பாசிர் ரிஸ்
9.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலந்தானே? இங்கே யாருக்கும் குறையில்லை. வெயில்தான் கொளுத்துகிறது.

கீரைத்தண்டுக் கூட்டு பெரிய வெற்றி. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ரஷீதா அதை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். பிப்ரவரி இலக்கு, அளந்து சமைப்பது. ரைஸ் குக்கரோடு ஒரு பிளாஸ்டிக் கப் வருமே, அதுவரை மாவு எடுக்கத்தான் அதை வைத்திருந்தேன். இப்போது அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாமே அதன் கணக்கில்தான். ஆளுக்கு இவ்வளவு என்று முடிவு செய்துவிட்டால் மீதம் என்ற பேச்சே இல்லை. காய்கறி தேக்கா சந்தையில், அவர்கள் கடை கட்டும் நேரத்துக்குப் போய் வாங்குகிறேன். முதலாளியம்மா லீலா அதற்கென்று பத்து நிமிஷம் முன்கூட்டியே விடுகிறார். நல்ல மனசு. கடையில் எங்களுக்குப் பகல் சாப்பாடும் அவர்தான் போடுகிறார்.

உங்கள் தம்பிக்கு வேலையிடத்துக் கேன்டீன். திவ்யாவுக்குக் கல்லூரிக் கேன்டீன், வார இறுதி வேலையில் அவளே சம்பாதிக்கிறாள். ஆகவே பகலில் வீட்டில் மாமா மட்டும். காலையிலேயே அவருக்கு டப்பாவில் போட்டு மேசைமேல் வைத்துவிடுகிறேன். ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

மாமாவுக்கு இப்போது கோயில் பித்துப் பிடித்திருக்கிறது. தினமும் பத்தரை மணிக்குப் பேருந்து ஏறிக் காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விடுகிறார். முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர், இப்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போவது பிடித்திருக்கிறது போலும். அவருக்கும் பொழுது போகிறது.

சாயம் அடித்து முடிந்ததா?

கண்மணி


ஈப்போ
30.3.2025

கண்மணிக்கு,

கடிதம் கிடைத்தது. மழை விடாமல் பெய்கிறது. என் வீட்டுக்காரருக்குக் கால் வீக்கம், எனக்கு வழக்கமான இரைச்சல். மற்றபடி சுகம்.

நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். ஒன்று கேட்க வேண்டும். அப்பா என்ன சாப்பிடுகிறார்? அந்தக் கப்பில் ஆளுக்கு எவ்வளவு? அவர் முதலில் குழம்புச் சோறு, அப்புறம் ரசம், கடைசியில் மோருக்கு ஒரு பிடி என்று சாப்பிட்டவர். வேலைக்குப் போன காலத்து வயிறு, வயசானாலும் அப்படியேதான் இருந்தது. போன தடவை நான் வந்தபோதும் பார்த்தேன்.

சாயம் முடிந்தது. ஆனால் இவருடைய அக்கா வீட்டார் பள்ளி விடுமுறைக்கு வருகிறார்கள். இடம் போதாது. ஆடி மாதம் பார்க்கலாம் என்று அப்பாவிடம் சொல்.

சுசீலா


பாசிர் ரிஸ்
27.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பெரிய செய்தி! ஏப்ரல் இலக்கு 'காலிப் பானை'. இரவு சாப்பாடு முடிந்ததும் அடுப்படியில் இருக்கிற பாத்திரங்களை அப்படியே படம் பிடித்துக் குழுவில் போட வேண்டும். ஒரு பருக்கைகூட மிஞ்சியிருக்கக் கூடாது. மாதம் முழுக்க என் பானைகள் காலி. உம்மு சல்மா என்று எதிர் அடுக்குமாடி புளோக்கில் ஒருவர், "உங்க பானைய கழுவவே வேணாம் லா கண்மணி, அப்படியே அலமாரியில வெச்சிடலாம்" என்று எழுதினார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஜூன் மாதம் சமூக மன்றத்தில் குடும்ப நாள் விழா. அதில் என்னை இருபது நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மேடையில்! தமிழிலேயே பேசலாமாம். பள்ளியில் கவிதை ஒப்பிக்கக்கூட எழுந்து நிற்காதவள் நான். திவ்யா படங்களைக் கோத்துத் தருகிறேன் என்கிறாள். உங்கள் கீரைத்தண்டுக்கும் ஒரு படம் உண்டு.

மாமா நன்றாக இருக்கிறார். தினமும் நடப்பதில் உடம்பு இறங்கியிருக்கிறது. சர்க்கரைக்கு அது நல்லதுதான். ஆடி மாதம் என்றதும் சரி என்றார்.

முருங்கைக்காய் இங்கே விலை ஏறிவிட்டது. அதற்குப் பதில் என்ன போடலாம்?

கண்மணி


ஈப்போ
18.5.2025

கண்மணிக்கு,

எல்லோரும் சுகம். உன் மேடைப் பேச்சை இவரிடம் சொன்னேன். "உன் தம்பி சுரேந்தர் குடுத்துவெச்சவன்" என்று உரக்கச் சொன்னார். எனக்கே கேட்டது!

முருங்கைக்காய்க்குப் பதில் பூசணித் தோலை மெல்லிசாக நறுக்கிப் போடு. நல்ல புடவையாகக் கட்டிக்கொள். படம் அனுப்பு.

நீ சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது எனக்குப் பெரிய நிம்மதி.

சுசீலா


பாசிர் ரிஸ்
15.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல்.

விழாவில் நான் பேசவில்லை. உடம்பு சரியில்லை. ரஷீதாவே பேசிவிட்டார்.

வேறு விசேஷம் இல்லை. பிறகு எழுதுகிறேன்.

கண்மணி


ஈப்போ
6.7.2025

கண்மணிக்கு,

உடம்புக்கு என்ன? திவ்யாவுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். "அம்மா ஓகேதான் அத்தை, சும்மா மூட் அவுட்டா இருக்காங்க" என்று பதில் வந்தது. உனக்கும் தம்பிக்கும் ஏதாவது சண்டையா? குழுவில் யாராவது ஏதாவது சொன்னார்களா?

போன கடிதத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. இதுவரை நீ அப்படி எழுதியதே கிடையாது. என்னவென்று எழுது. நல்லதோ கெட்டதோ எழுது.

சுசீலா


பாசிர் ரிஸ்
20.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். மாமாவின் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள்.

விழாவுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. லீலா அம்மா எனக்கு அரைநாள் விடுப்புக் கொடுத்தார். நல்லபடியாகப் பேச வேண்டும் என்று அர்ச்சனை செய்யலாமென நேரே காத்தோங் கோயிலுக்குப் போனேன். மாமா அங்கே இருப்பார், இருவரும் சேர்ந்து வீடு திரும்பலாம் என்றும் ஒரு நினைப்பு. அர்ச்சனை முடிந்தது. மாமாவைச் சன்னதியில் காணோம், பிராகாரத்திலும் காணோம். சாப்பாட்டு நேரம், கூட்டம் அன்னதானக் கூடத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன்.

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கோயிலில் சாப்பிடுவது தப்பில்லை அண்ணி. நாமும் சாப்பிட்டிருக்கிறோம். திவ்யா பிறந்த நாளுக்கு நாமே அன்னதானத்துக்குப் பணம் கட்டியிருக்கிறோம். ஆனால் அவர் சாப்பிட்ட விதம் வேறு. தலை நிமிரவே இல்லை. வேறு யாருடனும் பேசவில்லை. தட்டு காலியானதும் பரிமாறுகிற பையனிடம், "தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்றார். அவன் போட்டான். "கொஞ்சம் கூடவே போடுங்க" என்றார். இருபது வருஷமாக அவருக்குச் சோறு போடுகிறேன். என்னிடம் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. நான் கப்பால் அளக்கத் தொடங்கியதற்கு முன் அவர் கேட்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் தூணோரம் நின்றுவிட்டேன். அங்கே தொண்டு செய்கிற ஓர் அம்மா என்னைப் பார்த்து, "வாங்கம்மா, உக்காருங்க, சாப்பாடு நெறைய இருக்கு" என்றார். பிறகு நான் பார்த்த திசையைப் பார்த்தார். "அந்த ஐயாவா? டெய்லி வருவாரு. பாவம், தனி ஆளு போல. வீட்டுல சமைச்சுப் போட யாரும் இல்ல போல இருக்கு. நாங்க ஒரு கரண்டி கூடவே வெச்சுடுவோம்" என்றார். "உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார்.

"இல்ல. சும்மா பார்த்தேன்" என்றேன்.

அண்ணி, அளந்து போட்டதற்குக்கூட நான் ஏதாவது காரணம் சொல்லிவிடுவேன். ஓவர்டைம் நின்றது, விலைவாசி, தெரியாமல் செய்தேன். இதற்கு என்ன சொல்வேன்? நல்ல புடவை கட்டிக் கையில் அர்ச்சனைத் தட்டோடு நின்றுகொண்டு, என் வீட்டு மனுஷரை யாரோ என்று சொல்லிவிட்டேன். அவர் கைகழுவ எழுந்திருப்பதற்குள் வேகமாக வெளியே வந்து டாக்சி பிடித்தேன். அத்தனை மாதச் சிக்கனத்தில் அன்றைக்குத்தான் டாக்சி.

மாலையில் அவர் வந்ததும், "சாப்பிட்டீங்களா மாமா?" என்றேன்.

"ஆச்சும்மா. டப்பாவக் கழுவி வெச்சுட்டேன்" என்றார்.

டப்பாச் சோற்றைப் பத்து மணிக்கே சாப்பிட்டுவிடுகிறார் போலும். அது காலைப் பசிக்குத்தான் போதுகிறது. பிறகு கோயில். எனக்குத் தெரியக் கூடாது என்றுதான் கழுவி வைக்கிறார்.

மேடைக்கு நான் எப்படிப் போவேன்? என் காலிப் பானைகளைத் திரை நிறையக் காட்டி, கை தட்டச் சொல்லியா? "என்னக்கா, எல்லாம் ரெடி, நீங்க வராட்டி எப்படி?" என்று ரஷீதா மூன்று முறை அழைத்தார். காய்ச்சல் என்றேன். பிறகு குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

உங்கள் தம்பியிடம் இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ராத்திரி நான்தானே அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிடறேன். எனக்கே தெரியலையே" என்றார். மாமாவிடம் நாங்கள் இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

இப்போது பானை நிறைய வடிக்கிறேன். கரண்டியோடு பக்கத்தில் நிற்கிறேன். அவர் அதே அளவோடு கையை மறிக்கிறார். "வயசாச்சும்மா, இதுக்கு மேல இறங்கல" என்கிறார். மறுநாள் பத்தரைக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்.

நீங்கள் மார்ச்சில் கேட்டீர்கள். நான் பதில் எழுதவில்லை. அப்போதே கப்பை எடுத்துப் பார்த்தேன், அண்ணி. பார்த்துவிட்டுத்தான் காலிப் பானையும் முருங்கைக்காயும் எழுதினேன்.

என்னை என்ன சொன்னாலும் தகும்.

கண்மணி


ஈப்போ
7.9.2025

கண்மணிக்கு,

தாமதத்துக்கு உடம்பு காரணமில்லை.

முதலில் உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். தபாலில் சேர்க்கப் போகும் வழியில் கிழித்துவிட்டேன். இன்னொன்று எழுதினேன். அதில் இன்னும் கேவலமாகத் திட்டியிருந்தேன். அதையும் கிழித்தேன். ஏன் அனுப்ப முடியவில்லை என்று யோசித்துப் பார்த்தபோதுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. நான் ஏன் திரும்பக் கேட்கவில்லை? உடம்பு இறங்கியிருக்கிறது என்று நீ எழுதிய வரியை விரலை வைத்துப் படித்தவள் நான். மறுபடி கேட்டு, நீ உள்ளதைச் சொல்லிவிட்டால், நான் அவரை அழைத்துக்கொள்ள வேண்டி வரும். நீ பதில் எழுதாதது எனக்கு வசதியாக இருந்தது. 'பெரிய நிம்மதி' என்று எழுதினேனே, அது அந்த நிம்மதிதான்.

சாயம் இரண்டு நாளில் முடிந்தது. இவருடைய அக்கா வீட்டார் ஒரே இரவு தங்கினார்கள். இவர் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நான்தான் சொன்னேன். அப்பா மெதுவாகப் பேசுகிறவர். போன தடவை வந்தபோது அவர் ஏதோ சொல்லச் சொல்ல, ஆ ஆ என்று நான் காதை நீட்டினேன். நாலாவது தரம் அவர் "ஒண்ணுமில்லம்மா" என்று நிறுத்திக்கொண்டார். அந்த முகத்தைத் தினமும் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதை இவரிடம்கூடச் சொன்னதில்லை.

நீ உன் மாமனாரை ஒரு அந்நியரிடம் தெரியாது என்றாய். நான் என் அப்பாவைப் பற்றி இரண்டு கடிதத்தில் அதையேதான் சொன்னேன்.

அவரை அனுப்பு. இல்லை, நீ அனுப்ப வேண்டாம். அடுத்த சனிக்கிழமை நாங்களே வந்து அழைத்துக்கொள்கிறோம். வந்தால் நீ என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படியில் ஒளிந்துகொள்ளாதே. நானும் அதே வெட்கத்தோடுதான் வருவேன்.

அவர் எத்தனை நாள் இருப்பார் என்று நாம் முடிவு செய்ய வேண்டாம். அவரே சொல்லட்டும்.

சுசீலா


ஈப்போ
12.10.2025

அம்மா கண்மணிக்கு,

மாமா அங்கமுத்து எழுதுவது. உனக்கும் சுரேந்தருக்கும் திவ்யாவுக்கும் பிள்ளையார் துணையிருக்கட்டும். இங்கே எனக்குக் குறை ஒன்றுமில்லை. கண் சரியாகத் தெரியாததால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

சுசீலா ஒரு சிறு வெள்ளைப் பலகை வாங்கி வைத்திருக்கிறாள். நான் சொல்வது கேட்காவிட்டால் அதை என்னிடம் நீட்டுகிறாள். நான் எழுதிக் காட்டுகிறேன். நேற்று "ரசத்தில் உப்பு அதிகம்" என்று எழுதினேன். கோபித்துக்கொண்டு துடைத்துவிட்டாள். பிறகு இருவரும் சிரித்தோம்.

நீ எழுதிய கடிதங்களை அவள் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். நான் படிக்கவில்லை. பெண்பிள்ளைகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது எனக்கு எதற்கு? ஆனால் விஷயம் எனக்குத் தெரியும். அன்று கோயிலில் தூணோரம் நின்றாயே, பார்த்தேன். நீ போகட்டும் என்றுதான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். நீ அந்த அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் சரி.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தை, "கண்மணி, பத்தலம்மா" என்றிருந்தால் நீ மறுநாளே கப்பைத் தூக்கி எறிந்திருப்பாய். எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. சம்பளம் கொண்டுவந்த காலம்வரை தட்டைத் தள்ளி வைத்துக் கேட்டவன் நான். கொண்டுவராதவன் எப்படிக் கேட்பது என்று ஒரு வீம்பு. ஊரார் போட்ட சோற்றைக் கேட்டு வாங்கத் தெரிந்தது, உன்னிடம் கேட்க மட்டும் வெட்கமாக இருந்தது. டப்பாவைக் கழுவி வைத்து உன்னை ஏமாற்றியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இங்கே வேளாவேளைக்கு மலைபோலக் குவிக்கிறார்கள். மாப்பிள்ளை ஒரு பக்கம், சுசீலா ஒரு பக்கம் நின்றுகொண்டு என் வாயையே பார்க்கிறார்கள். இப்படிப் பார்த்தால் யாருக்குச் சோறு இறங்கும்? ஊரை விட்டு வருவதற்கு முன் நீயும் கரண்டியோடு அப்படித்தான் நின்றாய். இனிமேல் யாரும் நிற்க வேண்டாம். பானையை மேசைமேல் வைத்துவிட்டு எல்லோரும் உட்காருங்கள். எனக்கு வேண்டியதை நான் எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வாயைத் திறந்து கேட்கிறேன்.

தீபாவளிக்கு வீட்டில் இருக்க வேண்டும். சுசீலா இன்னும் ஒரு மாதம் இரு என்கிறாள். தை மாதம் மறுபடி வருகிறேன் என்று பலகையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை காலைப் பேருந்துக்கு மாப்பிள்ளை சீட்டு எடுத்துவிட்டார். வழியில் சாப்பிடச் சுசீலா புளிச்சோறு கட்டித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

வீடு வந்து சேர இரவு ஆகும். எனக்கும் சேர்த்து உலை வை, அம்மா. பசியோடுதான் வருவேன்.

அங்கமுத்து